டெட்டல்பாக் மாதாவும் ஆயர் எக்டரும்

ஜெர்மனியில் வூர்ட்ஸ்பூர்க் வரை போயிருந்தேன், அங்கிருந்து டெட்டல்பாக் மாதா கோயில் பக்கம்தான், பஸ் ஏறிவிட்டேன். வழியில் ஊருக்கு ஊர் ஊசி போல் கூர்மையான கோபுரம். இவற்றுக்கு எக்டர் கோபுரம் என்றே பெயர். யூலியுஸ் எக்டர் என்ற ஆயரின் காலத்துப் பாணி.

ஆயர் என்றால் பூசை வைப்பவர் மட்டும் இல்லை, வூர்ட்ஸ்பூர்க் நாட்டை ஆண்டவரும் அவர்தான். 1573-இல் தேர்ந்தெடுக்கப்பட்டபோது வயது 28, இன்னும் குருப்பட்டம்கூட வாங்கவில்லை! 1575-இல்தான் குருவாகி, ஆயராகத் திருநிலை பெற்றார். 1617-இல் இறக்கும்வரை 44 வருட ஆட்சி.

டெட்டல்பாக் கதை அவருக்கும் முந்தையது. 1504-இல் அடிதடியில் படுகாயப்பட்ட ஓர் ஏழைத் தொழிலாளி, திராட்சைத் தோட்டத்து வியாகுல மாதாவுக்கு நேர்ந்துகொண்டு குணமானாராம். கூட்டம் வரத் தொடங்கியது. இன்று நிற்கிற பெரிய கோயிலை 1613-இல் கட்டி முடித்தவர் எக்டர். கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு, பிரிந்துபோன லூத்தரின் சபைப் பக்கம் போன மக்களைத் திருப்பிக் கொண்டுவர மறையுரை மட்டும் போதாது, நடந்து வந்து முழந்தாள் போட ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உள்ளே என்னை நிறுத்தி வைத்தது பிரசங்க மேடை. அடியில் தாவீது அரசரின் அப்பா ஈசாய் படுத்துக் கிடக்கிறார், அவரிடமிருந்து ஒரு மரம் கிளம்பி மேடையையே தாங்கிக்கொண்டு மேலே போகிறது. மிஹாயேல் கெர்ன் என்ற சிற்பி 1626-இல் செய்தது, எக்டர் அதைப் பார்க்கவில்லை. அப்புறம் மாதா முன்னால் வந்து உட்கார்ந்தேன். மகனை மடியில் கிடத்தியிருக்கும் சின்னச் சுரூபம்தான், ஆனால் செபமாலை இரண்டாவது பத்துமணியைத் தாண்டவில்லை, மனசு அந்த ஆயரிடமே போய்க்கொண்டிருந்தது.

ஏனென்றால் முந்தின நாள்தான் வூர்ட்ஸ்பூர்க்கில் அவர் 1576-இல் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் அனாதைகளுக்கும் வழிப்போக்கருக்கும் என்று தொடங்கிய யூலியுஸ் மருத்துவமனையைப் பார்த்திருந்தேன். இன்றும் நடக்கிறது, அதற்குச் சொந்தமாகத் திராட்சைத் தோட்டமும் ஒயினும்கூட உண்டு. 1582-இல் பல்கலைக்கழகத்தையும் அவர்தான் மறுபடி தொடங்கினார். சரி, பெரிய மனிதர் என்று நினைக்கும்போதே தெரிகிறது, அந்த மருத்துவமனை எழுந்தது யூதர்களின் கல்லறைத் தோட்டத்தின் மேல். இறந்தவர்களைக்கூட விடவில்லை. 1580-களில் லூத்தர் சபையினருக்குச் சொன்னது இவ்வளவுதான்: மனம் மாறு, இல்லையென்றால் ஊரை விட்டுப் போ. கடைசி வருடங்களில் கெரோல்ட்ஸ்ஹோஃபென் பக்கம் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களை எரித்ததும் அவர் ஆட்சியில்தான். காலம் அப்படி என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டவில்லை.

அவர் கட்டிய கோயிலில் உட்கார்ந்துகொண்டு அவருக்காக வேண்டுவதா, அவரால் ஊரை இழந்தவர்களுக்காக வேண்டுவதா? இரண்டு மெழுகுவர்த்தி வாங்கினேன். முதலில் ஏற்றியது துரத்தப்பட்டவர்களுக்கும் எரிக்கப்பட்டவர்களுக்கும். ஆயருடையதை ஏற்றக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெளியே வந்து முஸ்கட்சீனே வாங்கினேன், அந்த ஊர் மசாலா பிஸ்கட், திருயாத்திரை வருபவர்கள் வாங்கிப்போவது. கடித்தால் நல்ல ஜாதிக்காய் வாசம். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, பொட்டலத்தில் பாதி அங்கேயே காலி.