சிமிலி உருண்டையில் தொடங்கினோம்

பிள்ளைகளுக்குச் சமையல் கற்றுக்கொடுக்கலாம் என்றதும் பலர் ரொட்டியில் ஜாம் தடவச் சொல்லித் தொடங்குகிறார்கள். அது சமையல் ஆகாது என்பது என் கட்சி. ஒரு பண்டத்தை முதலிலிருந்து கடைசிவரை பிள்ளைகள் பொறுப்பில் விட வேண்டும். வெங்காயம் உரி, தட்டு எடு என்று எடுபிடி வேலை மட்டுமே கொடுத்தால் அலுத்துப்போவார்கள். பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் என் மகனுக்கும் அண்ணன் மகளுக்கும் முதல் பாடம் சிமிலி உருண்டை, அதாவது கேழ்வரகு அடையைச் சுட்டு, வெல்லம், கடலையோடு உரலில் இடித்துப் பிடிக்கும் இனிப்பு. கேழ்வரகு மாவு, வேர்க்கடலை, வெல்லம், ஏலக்காய், உப்பு. எல்லாம் வீட்டில் இருக்கிற சாமான்தான்.

மாவு பிசைவதில்தான் விஷயமே இருக்கிறது. "சித்தப்பா, சப்பாத்தி மாவு மாதிரி இது ஏன் இழுபட மாட்டேன் என்கிறது?" என்று கேட்டாள். கோதுமையில் இருக்கும் குளூட்டன் கேழ்வரகில் இல்லை. அதனால்தான் வெந்நீர் விடுகிறோம். சூட்டில் மாவுச்சத்து கொஞ்சம் வெந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பிடி மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசையச் சொன்னேன். தட்டத் தட்ட ஓரமெல்லாம் வெடித்தது. வெந்நீர் மாவோ வாழையிலையில் வட்டமாகப் படிந்தது. அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடை சுடுவது மட்டும் என் வேலை. மகனுக்குப் பிடித்தது கடலை. வறுத்து ஆறியதை உள்ளங்கையில் தேய்த்து, முறத்தில் போட்டுப் புடைக்க வேண்டும். முதலில் தோலோடு கடலையும் துள்ளி விழுந்தது. மணிக்கட்டை மட்டும் அசைக்கப் பழகியதும் தோல் பறந்தது, கடலை முறத்திலேயே நின்றது. ஆண்பிள்ளை கையில் முறமா என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அவனுக்கும்தான் பசிக்கிறது பெரியம்மா, கற்கட்டும் என்றேன்.

உரலில் போடும் வரிசை முக்கியம். அடையைப் பிய்த்துப் போட்டு முதலில் உதிரியாக இடிக்க வேண்டும், அடுத்து வெல்லமும் ஏலக்காயும், கடலை கடைசியில். அதை அதிகம் இடித்தால் எண்ணெய் கக்கிக் குழைந்துவிடும். அளவாக இடித்தால் கடலை எண்ணெயும் வெல்லத்தின் ஈரமுமே உருண்டை பிடிக்கப் போதும், நெய் வேண்டாம். பிடித்துப் பார்த்து உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் வெல்லம் சேர்ப்பதா என்பதை அவர்களே முடிவுசெய்தார்கள்.

இப்போது களி கிண்ட வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். அது இன்னும் சில ஆண்டுகள் போகட்டும். கொதிக்கும் களி தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். சந்தையில் தக்காளி விலை இறங்கியிருப்பதால் அடுத்த ஞாயிறு தக்காளிச் சட்னி. வதக்குவது நான், அரைப்பதும் உப்புப் பார்ப்பதும் அவர்கள்.