மலைப்பாதைக்காகப் பின்சக்கரங்களை அகலப்படுத்திய அனுபவம்

என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ 320டி. 184 குதிரைத்திறனும் 380 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் உள்ள அதன் டீசல் எஞ்சின், அத்தனை விசையையும் இரண்டு பின்சக்கரங்களுக்கு மட்டுமே அனுப்புகிறது. சமவெளியில் அது ஒரு பொருட்டே இல்லை. குன்னூரில் குடியிருப்பவனுக்கோ, வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் பர்லியாறுக்கு மேலே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் ஒரு கேள்வியாகிவிடுகிறது. வளைவின் உட்பக்கப் பின்சக்கரம் எடை குறைந்து வழுக்கும். நழுவல் தடுப்பு விளக்கு மினுக்கும். எஞ்சின் விசையைக் கார் தானாகவே குறைத்துக்கொள்ளும். பின்னால் பேருந்து ஏறி வருகையில், வளைவின் நடுவே கார் தயங்குவது நல்லதல்ல. அதனால்தான் பின்புறத்தில் அகலமான சக்கரங்களைப் பொருத்த முடிவு செய்தேன்.

அகலமான டயர் என்றால் அதிகப் பிடிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழு உண்மை அல்ல. தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை சக்கரத்தின் மீதுள்ள எடையும் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தமுமே. டயரை அகலப்படுத்தினால் அந்தப் பரப்பு பக்கவாட்டில் அகன்று, நீளத்தில் குறுகுகிறது. வளைவில் பக்கவாட்டு விசையைத் தாங்குவதற்கு அது உதவும். ஆனால், தேங்கிய நீரில் வேகமாகச் செல்லும்போது, அகலமான டயர் அதிக நீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருப்பதால் விரைவில் மிதக்கத் தொடங்கும். மலையில் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகையில் இந்த ஆபத்து அநேகமாக இல்லை; அங்கே முடிவு சொல்வது ரப்பரின் தன்மை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்குப் போகும் சாலையில் நிலைமை தலைகீழ். இரண்டு சாலைகளும் என் வாழ்க்கையில் உள்ளவை என்பதால், ஆழமான நீர்வழிப் பள்ளங்கள் உள்ள டயரைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன்.

அளவுகளைத் தேர்ந்தெடுத்ததில்தான் அதிக நேரம் சென்றது. காரில் ஏற்கெனவே இருந்தவை நான்கு பக்கமும் 7.5 அங்குல அகலமும் 37 மில்லிமீட்டர் ஆஃப்செட்டும் கொண்ட 17 அங்குல அலாய் வீல்கள். ஆஃப்செட் என்பது சக்கர அகலத்தின் நடுக்கோட்டுக்கும் சக்கரம் காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்; அது கூடினால் சக்கரம் உள்ளே தள்ளப்படும். டயர் 225/50 ஆர் 17, அதாவது அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 50 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். இதே காருக்குத் தயாரிப்பாளரே வழங்கும் மற்றொரு சேர்க்கை உண்டு: முன்புறம் 8 அங்குலம், ஆஃப்செட் 34, டயர் 225/45 ஆர் 18, பின்புறம் 8.5 அங்குலம், ஆஃப்செட் 47, டயர் 255/40 ஆர் 18. பின்சக்கரம் ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர் அகலமாகிறது. அதில் பாதியான 12.7 ஒவ்வொரு பக்கமும் சேரும். ஆஃப்செட் 10 கூடுவதால் சக்கரம் முழுவதும் 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளப்படுகிறது. ஆக, ரிம்மின் வெளி விளிம்பு 2.7 மில்லிமீட்டர் மட்டுமே வெளியே வர, உள் விளிம்பு 22.7 மில்லிமீட்டர் உள்ளே செல்கிறது. மட்கார்டு பக்கம் கவலையே இல்லை. பார்க்க வேண்டியதெல்லாம் உட்புறம்தான்.

விட்டத்தையும் கணக்கிட்டேன். 225/45 ஆர் 18 டயரின் விட்டம் 659.7 மில்லிமீட்டர், 255/40 ஆர் 18 டயரின் விட்டம் 661.2. முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வேறுபாடு. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்., நழுவல் தடுப்பு ஆகிய இரண்டும் நான்கு சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டே இயங்குவதால் இந்த நெருக்கம் மிக முக்கியம். பின்புறம் உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 255/45 ஆர் 18 போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது வேறுபாடு 27 மில்லிமீட்டராகிவிடும். ஒரு சக்கரம் வழுக்குகிறதா, அளவே வேறா என்று அந்த அமைப்பு எப்படி அறியும்?

கோவையில் சக்கரங்கள் விற்கும் ஒரு கடையில், 8.5 அங்குலத்திலேயே ஆஃப்செட் 35 உள்ள நகல் வீல்களைக் காட்டினார்கள். விலை குறைவு, பார்வைக்கும் நன்றாகவே இருந்தன. ஆனால், அவற்றின் வெளி விளிம்பு பழைய சக்கரத்தைவிட 14.7 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். மையத்துளையும் பெரிதாக இருந்ததால் இடையே வளையம் செருக வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நிறுவனத்தின் அசல் வீல்களையே பழைய பொருளாகத் தேடி வாங்கினேன். பேலன்சிங் இயந்திரத்தில் டயர் இல்லாமல் சுற்றவிட்டு, நெளிவோ வெல்டிங் தழும்போ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுத்தேன். டயர்கள் புதியவை. பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரிக்கப்பட்ட வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அதை வாசிக்காமல் யாரும் டயர் வாங்கக் கூடாது.

குன்னூரில் என் காரை நெடுங்காலமாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன், புதிய சக்கரத்தை மாட்டும் முன் ஒன்று சொன்னார்: "வெளியே துருத்திக்கிட்டு நிக்கிறது எல்லார் கண்ணுக்கும் தெரியும் தம்பி. உள்ளே எவ்வளவு இடம் இருக்குன்னுதான் யாரும் குனிஞ்சு பார்க்கிறதில்லை." வீல் ஆர்ச்சின் உள்தகட்டிலும் சஸ்பென்ஷன் கைகளின் அருகிலும் களிமண் உருண்டைகளை ஒட்டிவைத்தார். பின் இருக்கையில் மூவரை உட்காரவைத்து, டிக்கியில் தேயிலை மூட்டைகளை ஏற்றி, மேடு பள்ளமான தெருவில் மெதுவாக ஓட்டித் திரும்பினோம். ஓர் உருண்டையிலும் டயர் பட்ட தடம் இல்லை.

மலை மழையில், சக்கரம் பொருந்தும் அச்சு முனையான ஹப்பின் மையத்தில் துரு ஏறியிருந்தது. அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து அகற்றாவிட்டால் வீல் சமமாக உட்காராது. இந்தக் காரில் நட்டுக்குப் பதில் போல்ட் என்பதால், ஒரு வழிகாட்டிக் கம்பியைத் துளையில் செருகி, அதில் சக்கரத்தைத் தொங்கவிட்டு மாட்டுவது எளிது. போல்ட்களைக் குறுக்கு வரிசையில், முறுக்குவிசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் 140 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினோம். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி சரிபார்த்தோம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ள அளவையே தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டேன்.

காற்றழுத்தத்தைப் பற்றி மலைவாசிகள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்தைவிடக் குன்னூர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, அளவுமானி இரண்டு பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேலாகவே கூட்டிக் காட்டும். ஆனால், அங்கே வெயிலில் நிரப்பிய டயர் இங்கே குளிர்ந்துவிட்டால் ஏறத்தாழ அதே அளவு குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். உறைபனி விழும் மார்கழி விடியலில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். காலையில், ஓட்டத் தொடங்கும் முன், இங்கேயே அளந்து நிரப்புவதுதான் சரி.

மழையில் பர்லியாறு ஏற்றத்தில் விளக்கு மினுக்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால், அதில் புதிய ரப்பரின் பங்கும் பெரிது. அகலத்துக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் 36 வளைவுகளில், விசையைச் சீக்கிரம் கொடுத்தால் முன்பக்கம் சற்றே வெளியே ஓட முயல்கிறது. பின்பிடிப்பு மிகும்போது அப்படித்தான் ஆகும், ஆகவே ஸ்டியரிங் நேராகும் வரை பொறுத்துக்கொள்கிறேன். பின்டயரின் பக்கச் சுவர் 112.5 மில்லிமீட்டரிலிருந்து 102 ஆகக் குறைந்ததால் குழிகள் இடுப்புக்குத் தெரிகின்றன. முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இடம் மாற்றிப் போடவும் இனி வழியில்லை. காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் வகையை விட்டுச் சாதாரண டயருக்கு மாறியதால் பஞ்சர் கருவியும் காற்றுப் பம்பும் டிக்கியில் நிரந்தரமாகிவிட்டன. பின்டயர்களின் உள்விளிம்பு முதலில் தேயும் என்பதால், மாதந்தோறும் அங்கே ஆழமானியை வைத்து அளக்கிறேன். சட்டத்தின் எல்லை 1.6 மில்லிமீட்டர், இந்த மலைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடப் போகிறேன்.