சைட்டோகைன் கேள்வி: கட்டி கருகுவதும் கரைவதும் ஒன்றல்ல

சைட்டோகைன்களால் (நோயெதிர்ப்புச் செல்கள் முதலியவை சுரக்கும் செய்திப் புரதங்கள்) புற்றுக்கட்டி எப்படிச் சுருங்குகிறது என்ற தேர்வுக் கேள்வியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கட்டி கருகுவதையும் (உள்ளே செத்துக் கறுப்பது) கரைவதையும் (முழுதாக மறைவது) ஒன்றாக எழுதிவிடுவது. டிஎன்எஃப் (கட்டியைச் சாகடிக்கும் காரணி) என்ற சைட்டோகைனை வெளிக்கொணர்ந்த 1975-ஆம் ஆண்டுச் சோதனையையே பாருங்கள். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசிக் கிருமி) ஏற்றிய சுண்டெலிக்கு எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் உறையிலுள்ள நச்சு) கொடுத்து, அதன் சீரத்தை (ரத்தத்தின் தெளிநீர்) எடுத்து, மெத்-ஏ சார்கோமா என்ற புற்றுக்கட்டி வளர்ந்த சுண்டெலிக்குச் செலுத்தினார்கள். கட்டியின் நடுப்பகுதி ரத்தம் கசிந்து கறுத்துச் செத்தது. புற்றுச்செல்லை நேரடியாகக் கொன்றதைவிட, கட்டிக்குள் ஓடும் ரத்தக்குழாய்களைச் சிதைத்ததே இங்கே பெரிய காரணம். ஆனால் விளிம்பில் உயிருள்ள செல்கள் வளையமாக எஞ்சும். அவற்றை டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் தீர்க்காவிட்டால் கட்டி மறுபடி வளரும். படம் வரைந்தால் இந்த வளையத்தைக் கட்டாயம் காட்டுங்கள்.

ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ‘எந்தச் செல் இதைப் பெறுகிறது?’ என்று கேட்டு எழுதுங்கள். இன்டர்லூக்கின்-12 என்ற சைட்டோகைனைப் பெறும் என்கே செல்களும் (இயற்கைக் கொல்லி நோயெதிர்ப்புச் செல்கள்) டி செல்களும் இன்டர்ஃபெரான் காமா என்ற இன்னொரு சைட்டோகைனைச் சுரக்கும். அது புற்றுச்செல்லை டி செல்லுக்குக் காட்டிக்கொடுக்கும் எம்ஹெச்சி முதல் வகுப்பு மூலக்கூறுகளைக் கூட்டும். டி செல்களை இழுக்கும் கெமோகைன் புரதங்களையும் வரவழைக்கும். அதே காமாதான் டி செல்லை அடக்கும் பிடி-எல்1 புரதத்தையும் ஏற்றிவிடுகிறது. இதை விட்டால் விடை பாதிதான். டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைன் பெரும்பாலும் எதிர்த்திசையில் இழுக்கும், நோயெதிர்ப்பை அடக்கும். அதற்கு ஒரு வரி போதும்.

சோதனை வடிவமைக்கச் சொன்னால் கவனம் கூடுதலாக வேண்டும். புற்றுச்செல் வரிசையும் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள்) சுண்டெலி இனமும் பொருந்த வேண்டும்: பி16 செல் வரிசை என்றால் சி57 பிளாக் 6 இனம், சிடி26 என்றால் பால்ப்-சி இனம். செல் செலுத்திய அன்றே மருந்தைத் தொடங்கினால் அது கட்டி பிடிக்காமல் தடுப்பது, சுருக்குவது அல்ல. கட்டி 50 முதல் 100 கன மி.மீ. ஆனபின் சுண்டெலிகளைக் குழுக்களாகப் பிரியுங்கள். கன அளவு = நீளம் × அகலம் × அகலம் ÷ 2; 10 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம் என்றால் 320 கன மி.மீ. மனித இன்டர்ஃபெரான் காமா சுண்டெலிச் செல்லில் வேலை செய்யாது, சுண்டெலியினுடையதே வேண்டும். என்கே செல்லை நீக்கும் பிகே136 ஆன்டிபாடி பால்ப்-சி சுண்டெலியில் பலிக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமான கட்டுப்பாட்டுக் குழு, கொதிக்கவைத்த சைட்டோகைன் பெறும் குழு. கொதியில் புரதம் கெடும், எண்டோடாக்சின் எளிதில் கெடாது. அந்தக் குழுவிலும் கட்டி கருகினால், நீங்கள் அளந்தது சைட்டோகைனை அல்ல, அதில் கலந்திருந்த எண்டோடாக்சினை.