ஸ்பின் கிளாஸில் சேரப் போகிறீர்களா? முதலில் மாஸ்டரையும் பாட்டையும் பாருங்கள்

ஜிம்மில் நகராத சைக்கிளில் ஏறி, மாஸ்டர் சொல்லச் சொல்லப் பாட்டோடு மிதிப்பதுதான் ஸ்பின் கிளாஸ். நான் சேர்ந்த இடத்தில் மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்ட பிறகுதான் மாஸ்டரை மாற்றினார்கள். ட்ரையல் கிளாஸ் எடுத்தவர் ஒருவர், பணம் கட்டிய மறுவாரம் மேடையில் ஏறியவர் வேறொருவர். ரிசப்ஷனில் கேட்டால், "எந்த மாஸ்டரா இருந்தா என்ன சார், சைக்கிள் அதேதானே?" என்று பதில். சைக்கிள் அதேதான். மாஸ்டரும் பாட்டும் மாறினால் அந்த நாற்பத்தைந்து நிமிடமும் வேறு வகுப்பாகிவிடும், முழங்காலுக்கு வரும் பாரமும் மாறிவிடும். புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வெளியே மிதிக்க முடியாமல் உள்ளே வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சேர்வது சுலபம். போட்டோ, ஆதார் நகல், படிவத்தில் ஒரு கையெழுத்து, முடிந்தது. சிக்கல் ரசீதில் இருக்கிறது. "கார்டியோ, மாலை 6.30" என்று மட்டும் எழுதித் தருவார்கள். மாஸ்டர் பெயரும் இருக்காது, வகுப்பின் வகையும் இருக்காது. பிற்பாடு எதைக் கேட்டாலும் "ரசீதுல அப்படி ஒண்ணும் இல்லையே" என்பார்கள்.

வகுப்பின் வகை என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்பின் கிளாஸ் என்ற ஒரே பெயரில் நாலு விதமான பயிற்சி நடக்கிறது. முதலாவது, தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்கா போன ஜானி கோல்ட்பெர்க் உருவாக்கிய ஸ்பின்னிங். சாலையில் ஓட்டுவது போலவே இருக்கும். சமதளம் என்றால் நிமிடத்துக்கு 80 முதல் 110 சுற்று, மேடு என்றால் 60 முதல் 80. இரண்டாவது, பீட்டுக்கு மிதிப்பது. 2006-ல் நியூயார்க்கில் தொடங்கிய சோல்சைக்கிள் இதைப் பிரபலமாக்கியது. இருட்டு அறை, கையில் சின்ன டம்பெல், ஹேண்டிலில் சாய்ந்து எழுவது எல்லாம் இதில்தான் வரும். மூன்றாவது, லெஸ் மில்ஸ் என்ற நிறுவனத்தின் ஆர்.பி.எம். என்ற வகுப்பு. எந்தப் பாட்டு, எந்த இடத்தில் எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று எல்லாமே முன்கூட்டியே வகுக்கப்பட்டு, மூன்று மாதத்துக்கொரு முறை புதிதாக வரும். மாஸ்டர் அதை அப்படியே நடத்துவார். நாலாவது, திரையில் வாட்ஸ் (மிதிக்கும் சக்தியின் அளவு) பார்த்து மிதிப்பது. அங்கே பாட்டு வெறும் துணைக்குத்தான்.

நம் ஊர் மாஸ்டர்கள் பெரும்பாலும் முதல் இரண்டையும் கலந்து எடுக்கிறார்கள். கலப்பது தப்பில்லை. எந்தப் பாட்டில் எது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "இந்தப் பாட்டுக்கு எத்தனை ஆர்.பி.எம். மாஸ்டர்?" (இங்கே ஆர்.பி.எம். என்றால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது.) உடனே ஒரு எண் சொன்னால் தாராளமாகச் சேரலாம். "பீட்டுக்கு ஏத்த மாதிரி போங்க" என்று மட்டும் சொன்னால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

அந்தக் கணக்கு பெரிய வித்தையல்ல. தாளத்தின் ஒரு அடிக்கு (பீட்டுக்கு) ஒரு கால் இறங்கினால், பாட்டின் வேகத்தில் பாதிதான் மிதிக்கும் வேகம். நிமிடத்துக்கு 128 அடி ஓடும் பாட்டுக்கு 64 சுற்று, 160 ஓடும் பாட்டுக்கு 80. வலது கால் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் இறங்கினால் பாட்டின் வேகமே மிதிக்கும் வேகம், 90-க்கு 90. சைக்கிளில் மீட்டர் இல்லாவிட்டால் வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 22 வந்தால் 88.

தமிழ்ப் பாட்டில்தான் மாஸ்டர்கள் சறுக்குகிறார்கள். நம் குத்துப்பாட்டு பெரும்பாலும் திஸ்ர நடையில் போகிறது. ஒரு அடிக்குள் மூன்று தட்டு. பாட்டின் வேகத்தைச் சொல்லும் செயலிகள் நாலு தட்டுப் பாட்டை எதிர்பார்ப்பவை, அதனால் இங்கே அடிக்கடி தப்பான எண்ணைக் காட்டும். உண்மையில் நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டை 180 என்றோ 90 என்றோ காட்டிவிடும். அதை நம்பி மாஸ்டர் "தொண்ணூறுல போங்க" என்று விரட்டினால் பறை இரண்டு அடி அடிப்பதற்குள் கால் மூன்று முறை இறங்கும். வகுப்பே கலைந்து போகும். பின்வரிசையில் இருப்பவர்கள் தங்களுக்குத்தான் தாளம் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். பாவம், கோளாறு அவர்களிடம் இல்லை. செயலியை மூடிவிட்டுப் பாட்டைப் போட்டு, தொடையில் தட்டி 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவதுதான் சரியான வழி.

எண்ணிப் பார்த்தால் பலரும் எதிர்பார்க்காத ஒன்று தெரியவரும். குத்துப்பாட்டு மேடு ஏறத்தான் பொருந்தும். 120 முதல் 150 அடி ஓடுகிற பாட்டுக்கு ஒரு அடிக்கு ஒரு கால் என்றால் 60 முதல் 75 சுற்று. அது லோடு (பெடலின் இறுக்கம்) ஏற்றி, எழுந்து நின்று மிதிக்கிற வேகம். 85 முதல் 100 அடியில் நிதானமாக ஓடும் மெலடிக்கு ஒவ்வொரு அடிக்கும் வலது கால் இறங்கினால் சமதள வேகம் அழகாக அமையும். குத்துப்பாட்டு போட்டதும் "ஸ்பிரின்ட்!" என்று கத்துகிற மாஸ்டரும் மெலடி வந்ததும் ஓய்வு கொடுக்கிற மாஸ்டரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். புதிதாக வந்த மாலை மாஸ்டர் இந்த வகை. உற்சாகத்துக்குக் குறைவே இல்லை, நல்ல மனிதரும்கூட. ஆனால் வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொருவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

இன்னொன்று, சினிமாப் பாட்டு ஒரே வேகத்தில் ஓடாது. தொடக்கத்தில் தாளமே இல்லாமல் ஹம்மிங் வரும், இடையிசையில் நடை மாறும், சரணத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம் வரும். வகுப்புக்கு என்று வெட்டி ஒட்டாமல் அப்படியே போட்டால் அந்த இடங்களில் கால் தடுமாறும். காலை மாஸ்டர் இதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். கோடு போட்ட சாதாரண அறுபது பக்க நோட்டு. இடது ஓரத்தில் பாட்டின் முதல் சொல், அடுத்து அடி எண்ணிக்கை, அடுத்து சுற்று, கடைசியில் லோடு 1 முதல் 10-க்குள் ஓர் எண். இடையிசை வருகிற நிமிடத்தைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டு "உட்கார்" என்று எழுதியிருக்கிறார். வியர்வை சொட்டி மை பரவிய பக்கங்களும் அதில் இருக்கின்றன. ஒரு மாஸ்டரின் தரத்தைக் கேட்டால் நான் அந்த நோட்டைத்தான் காட்டுவேன்.

லோடை எண்ணாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. "ஒரு சுத்து டைட் பண்ணுங்க" என்பது எல்லாச் சைக்கிளிலும் ஒன்றாக இருக்காது. சக்கரத்தை அமுக்கும் ஃபெல்ட் பேட் தேய்ந்த சைக்கிளில் ஒரு சுற்றுக்கு ஒன்றுமே தெரியாது, புது பேடில் கால் நின்றுவிடும். அதனால் உணர்வை வைத்துச் சொல்வதுதான் நியாயம். 4 என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், 7 என்றால் ரெண்டு வார்த்தைக்கு மேல் வரக் கூடாது. நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே கனமான லோடில் தள்ளினால் முழங்காலில் பிடிக்கும். 110-க்கு மேலே லோடே இல்லாமல் சுற்றினால் இடுப்பு சீட்டில் குதிக்கும். அந்த நேரத்தில் காலை நிறுத்த நினைத்தாலும் நிற்காது, ஏனென்றால் பெரும்பாலான ஸ்பின் சைக்கிளில் சக்கரமும் பெடலும் ஒன்றாகப் பூட்டியவை. லோடு குமிழை நேராகக் கீழே அழுத்தினால்தான் நிற்கும். முதல் நாளே இதைக் காட்டிக்கொடுக்காத இடத்தில் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்போது சொல்கிறார் என்பதையும் ட்ரையலில் கவனியுங்கள். எழ வேண்டிய இடத்துக்கு எட்டு அடி முன்னால், "நாலு, மூணு, ரெண்டு, ஏறு" என்று வர வேண்டும். 120 வேகத்தில் எட்டு அடி என்பது நாலு விநாடி. லோடு ஏற்றிக்கொண்டு எழ அந்த நேரம் போதும். பாட்டு திரும்பிய பிறகு "ஏறுங்க ஏறுங்க" என்று சொன்னால், லோடு இல்லாத பெடலில் எழுந்து தடுமாறுவீர்கள்.

சத்தத்துக்கு வருவோம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம்தான். போனில் இலவசமாகக் கிடைக்கும் டெசிபல் செயலியால் ஸ்பீக்கருக்கு நேர் கீழேயும் கடைசி வரிசையிலும் அளந்து பாருங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆச்சரியப்படுத்தும். மைக் இல்லாமல் கத்துகிற மாஸ்டருக்காகப் பாட்டைக் குறைக்க மாட்டார்கள். பாட்டை ஏற்றுவார்கள், அவர் இன்னும் கத்துவார்.

ஒரு மாலை முழுதும் வீணானது இப்படி. மாஸ்டர் லீவு. முன்கூட்டி ஒரு மெசேஜ் கிடையாது. கடலூரிலிருந்து தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டி இருபது கிலோமீட்டருக்கு மேல் வந்தவர்கள் இருந்தார்கள். "டிவியில வீடியோ போட்டுத் தர்றோம், ஓட்டுங்க" என்றார்கள். படம் டிவியில், சத்தம் ப்ளூடூத் ஸ்பீக்கரில். ப்ளூடூத்தில் சத்தம் தாமதமாக வரும். 120 வேகத்தில் ஒரு அடிக்கு அரை விநாடி, அதில் 0.2 விநாடி தாமதமானாலே திரையில் கால் இறங்குவதும் காதில் அடி விழுவதும் சேராது. ஸ்பீக்கரை டிவியில் வயர் போட்டு மாட்டினால் தீர்ந்துவிடும். அந்த வயர் யாரிடமும் இல்லை. அந்த நாளைக் கணக்கில் நீட்டித் தரச் சொன்னதற்கு, "கிளாஸ் நடந்துச்சே சார்" என்றார்கள்.

திடீரென்று பாடல்கள் மாறிக் குரலே இல்லாத வெறும் இசை ஓடினால் மாஸ்டரைக் குறை சொல்லாதீர்கள். ஸ்பாட்டிஃபை, யூடியூப் சந்தாக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஜிம்மில் பொதுவாகப் போட, ஒலிப்பதிவுக்கும் அதில் உள்ள இசை, வரிகளுக்கும் தனித்தனியே உரிமம் வேண்டும். வகுப்பு வீடியோக்களில் பாட்டைச் சேர்க்க வேறோர் உரிமம் வேண்டும்; சைக்கிள் வகுப்பு வீடியோக்களை வழங்கும் பெலட்டான் நிறுவனத்தின் மேல் 2019-ல் பாடல் பதிப்பாளர்கள் வழக்குப் போட்டது அதற்காகத்தான். உரிமம் எடுத்திருக்கிறீர்களா என்று ஜிம்மில் கேட்க நமக்கு உரிமை உண்டு. எடுக்காத இடத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் பாட்டு நின்றுபோகலாம்.

சைக்கிள் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீட் இடுப்பெலும்பு உயரம், பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக வேண்டும், பெடல் முன்னால் கிடையாக நிற்கும்போது முழங்கால் பெடல் அச்சுக்கு நேர் மேலே. கடல் காற்றில் சீட் கம்பியின் துளைகளில் துரு பிடித்து, சீட்டைப் பூட்டும் பின் (pin) முழுக்க உள்ளே போகாது. போட்ட பிறகு ஒரு முறை அமுக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

இதை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்த வேண்டாம். பழக்கமில்லாதவர் முதல் வகுப்பிலேயே பாட்டின் உற்சாகத்தில் முழு மூச்சாக மிதித்து, தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ரேப்டோமயோலிசிஸ் என்பார்கள். ஓரிரு நாளில் தொடை வீங்கி, வலி தாங்க முடியாமல், சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் இரண்டு வாரம் எல்லோரும் எழும்போது நீங்கள் உட்கார்ந்தே மிதியுங்கள். அதைக் கிண்டல் செய்கிற மாஸ்டரிடம் இருக்க வேண்டாம்.

பேட்ச் மாற்றத்தில்தான் கடைசிச் சண்டை. "கொடுத்த பணம் திரும்பாது" என்று ரசீதின் அடியில் அச்சடித்திருந்தார்கள். நான் பணம் கேட்கவில்லை, காலை மாஸ்டரிடம் மாற்றித் தாருங்கள் என்றேன். "மேனேஜர் வரணும்" என்றார்கள். மேனேஜர் வந்தார், "ஓனர் சொல்லணும்" என்றார். கடைசியில் எழுத்தில் கேட்டேன். எந்தத் தேதியில் எந்த மாஸ்டர் என்று சொல்லி விற்றார்கள், எந்தத் தேதியில் மாற்றினார்கள், எந்த மாலை மாஸ்டரே இல்லை என்று வாட்ஸ்அப்பில் தேதி வாரியாக அனுப்பினேன். குறையுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர ரசீதில் கெடு சொல்லியிருந்தால் அதற்குள்ளும், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்பதையும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதையும் கீழே சேர்த்தேன். அன்று சாயங்காலமே போன் வந்தது. காலை 6 மணி பேட்ச், வீணான மாலைக்கு ஒரு நாள் நீட்டிப்பு, இரண்டும் கிடைத்தன.

சேரும்போதே மாஸ்டர் பெயர், நேரம், "மாஸ்டர் மாறினால் பேட்ச் மாற்றலாம்" என்ற ஒரு வரி, மூன்றையும் ரசீதில் பேனாவால் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், மூன்று மாதத் தள்ளுபடி போனால் போகட்டும். காலை பேட்ச்சில் சைக்கிள்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், முந்தின இரவே பெயர் கொடுத்துவிடுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் கீழே உள்ளதை விட்டு, இரண்டாம் வரிசையில் மாஸ்டரின் கால் தெரிகிற சைக்கிளாகக் கேளுங்கள்.