வாயுவுக்கு விரிசல் விழாது

பெங்களூருவில் லேசர் ஆய்வுக்கூடத்தில் வேலை என்றதும் ஏதோ நுட்பமான உத்தியோகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வாய்த்ததில் பாதிக்கு மேல் கேஸ் குழாய் வேலைதான். இரு முனையிலும் தடித்த கண்ணாடி ஜன்னல் வைத்த எஃகுக் குழாய், அதற்குள் உயர் அழுத்தத்தில் மீத்தேன். என்டி-யாக் என்ற படிக லேசரின் 1064 நானோமீட்டர் அலைநீளப் பல்ஸை, அதாவது ஒளித்துடிப்பை, உள்ளே குவித்தால் மறுமுனையில் 1543 நானோமீட்டர் வெளிவரும். மீத்தேனுக்குப் பதில் ஹைட்ரஜன் என்றால் 1907.

1928-ல் கல்கத்தாவில் ராமனும் கிருஷ்ணனும் பார்த்த அதே சிதறல்தான் இது: மூலக்கூறில் படும் ஒளி தன் ஆற்றலில் கொஞ்சத்தை அதனிடம் விட்டுவிட்டு, நீண்ட அலைநீளத்தில் வெளிவரும். அன்று அது மிக மங்கலான ஒளி. நீண்ட நேரம் புகைப்படத் தட்டைக் காட்டி வைத்தால்தான் பதியும். லேசர் வந்தபிறகு, 1962-ல், பல்ஸ் போதிய வலுவோடு இருந்தால் சிதறிய ஒளியே மேலும் சிதறலைத் தூண்டிப் பெருகும் என்று தெரிந்தது. மறுவருடமே வாயுக்களிலும் செய்து காட்டிவிட்டார்கள்.

1543-க்கு ஏன் இத்தனை மெனக்கெடல்? 1064 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நேரே விழித்திரையில் போய்க் குவியும். 1543-ஐ கண்ணின் முன்பகுதியில் உள்ள நீரே உறிஞ்சிவிடும். தூரம் அளக்கும் லேசர் கருவிகளுக்கு அது பெரிய நிம்மதி. எங்கள் அறையில் மாறாமல் மிஞ்சிய 1064-உம் சேர்ந்தே வருவதால் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்ற முடியாது, அது வேறு விஷயம்.

சிக்கலெல்லாம் மிச்ச ஆற்றலில்தான். 1543-ஆக மாறும் ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகளும்) தன் ஆற்றலில் சுமார் 31 சதவீதத்தை மூலக்கூறின் அதிர்வாக விட்டுச் செல்கிறது. அது வெப்பமாகி, வாயு சூடாகி, அடுத்த பல்ஸின் கற்றை கலைகிறது. பல்ஸை வேகமாக விட்டால் வெளிவரும் திறன் அதே விகிதத்தில் கூடாது. அதற்காகக் குழாய்க்குள்ளேயே விசிறி. குவியத்தை இறுக்கினால் வாயுவே பிளந்து பொறி பறக்கும், மீத்தேன் கரியாகி ஜன்னலில் ஒட்டும், அடுத்தடுத்த பல்ஸில் அந்தக் கரி சூடாகிக் கண்ணாடியைக் கெடுக்கும். சரி, அழுத்தத்தைக் கூட்டலாமென்றால் பிரில்லுவான் சிதறல், அதாவது வாயுவில் எழும் ஒலி அலைகளில் பட்டு ஒளி சிதறுவது, கற்றையின் ஒரு பகுதியை லேசர் பக்கமே திருப்பியனுப்பும்.

எங்கள் டெக்னீஷியன் ஓசூர்க்காரர், என்னைவிட மூத்தவர். சோப்புத் தண்ணீர் அடித்துக் கசிவு பார்க்காமல் லேசரைத் தொடவே விடமாட்டார். ஓடத் தொடங்கியதும், "தம்பி, மீட்டரை அப்புறம் பாருங்க, முதல்ல காதைக் குடுங்க" என்பார். பொறி விழுந்தால் 'டப் டப்' என்று கேட்கும். கேட்டால் நீண்ட குவியத்தூர லென்ஸுக்கு மாற வேண்டும். பவர் மீட்டர் சொல்வதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிடுவார்.

இப்போது இந்த வேலைக்குப் படிகங்களே வசதி என்கிறார்கள். அலைநீளத்தை இஷ்டப்படி திருப்பலாம், உண்மைதான். ஆனால் திறன் மீறினால் படிகம் போயே போச்சு. வாயுவில் விரிசல் விழாது. பொறி பறந்த இடத்தைக்கூட விசிறி கலந்து சரிசெய்துவிடும். அதனால் கொள்முதல் பட்டியல் எழுதும்போது நான் இன்னும் மீத்தேன் சிலிண்டரைத்தான் முதலில் எழுதுகிறேன், கூடவே உபரியாக ஒரு செட் ஜன்னலும்.