முள்ளோடையைத் தாண்டினால் வேறு வரி

புதுச்சேரி கிருமாம்பாக்கத்தில் வீட்டிலிருந்தபடியே சோப்பு, ஷாம்பு, முகக் கிரீம் விற்கிறேன். கடை கிடையாது, நேரடி விற்பனைதான். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பாகூர், தவளக்குப்பம் பக்கம். மீதிப் பேர் கடலூர் மஞ்சக்குப்பத்தில், என் நாத்தனார் வீட்டைச் சுற்றி.

ஆரம்பத்தில் ஒரு நோட்டில் பெயரும் தொகையும் மட்டும் எழுதுவேன். எம்ஆர்பிக்கு மேல் 18 சதவீதம் சேர்த்து வாங்கவேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். மஞ்சக்குப்பத்து அக்கா ஒருவர் டப்பாவைத் திருப்பி, ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். 295 ரூபாய் கிரீமுக்கு அவரிடம் 348 வாங்கியிருந்தேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை. நோட்டைப் பார்த்து, வீடு வீடாகப் போய்க் கூடுதல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் ஆடிட்டரிடம் போனேன். பொருள் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டு விற்பனையில் புதுச்சேரியில் 20 லட்சம், தமிழ்நாட்டில் 40 லட்சம். ஆனால் நான் எங்கள் எல்லையான முள்ளோடையைத் தாண்டிக் கடலூருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதால் அது வேறு மாநில விற்பனை. எவ்வளவு சின்ன விற்பனையானாலும் பதிவு வேண்டும் என்றார். பான், ஆதார், கரண்ட் பில் கொடுத்தேன். வீடு மாமியார் பெயரில் இருப்பதால் அவரிடம் சம்மதக் கடிதமும் வாங்கினேன். பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை.

ஆர்டர் படிவம்தான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. 2021 நேரடி விற்பனை விதிகளின்படி என் பெயர், முகவரி, பதிவு எண், பொருளின் விவரம், தயாரான நாடு, ஆர்டர் தேதி, மொத்தத் தொகை, ரத்து செய்யும் உரிமை எல்லாம் அதில் இருக்கவேண்டும். கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதுகிறேன். நானாகச் சேர்த்த கட்டம் ‘எங்கே கொடுக்க வேண்டும்’. அதே 295 ரூபாயில் 250 பொருளின் விலை, 45 வரி. பாகூர் என்றால் அந்த 45 மத்திய வரி, மாநில வரி என்று 22.50 வீதம் பிரியும். மஞ்சக்குப்பம் என்றால் முழுசாக ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி. வாங்குபவருக்கு ஒரு பைசா வித்தியாசம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புக்கு 5 சதவீதம், கிரீமுக்கு அதே 18. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே வரி விகிதத்தையும் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் அதே அக்கா பிரிக்காத ஷாம்பு ஒன்றைத் திருப்பித் தந்தார். படிவத்தை எடுத்துப் பார்த்து, முழுப் பணத்தையும் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கிரெடிட் நோட், அதாவது அந்த விற்பனையைக் கணக்கில் கழிக்கும் சீட்டு, போட்டேன்.