1999 டிசம்பரில் எங்கள் வீட்டு அலமாரி

என் மகன் போன மாதம் தனி அபார்ட்மென்டுக்குக் குடிபோனான். சாமான் ஏற்றும்போது மேல் அலமாரியில் இருந்த பழைய பிளாஸ்டிக் பெட்டியையும் அவன் காரில் வைத்தேன். "இது என்னம்மா?" என்றான். "நீ பத்து மாசக் குழந்தையா இருந்தப்போ உனக்காகச் சேர்த்தது" என்றேன். முழுக் கதையையும் சொல்ல அன்று நேரமில்லை.

1999இல் நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருந்தோம். அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. என் கணவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதும் புரோகிராமர். அந்த வருடங்களில் சென்னையிலிருந்து வந்த எத்தனையோ பேரைப் போல ஒய்2கே, அதாவது 2000ஆம் வருடம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பிவிடாமல் சரிசெய்யும் வேலைக்காகவே வந்தவர்.

அது என்ன வேலை என்று ஒருநாள் ராத்திரி கரன்ட் பில் வந்த கவரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். முதலில் 99365 என்று எழுதினார். 99ஆம் வருடத்தின் 365ஆவது நாள், அதாவது டிசம்பர் 31. அதற்குக் கீழே 00001, 2000ஆம் வருடத்தின் முதல் நாள். "இதுல எது பெருசு?" என்று கேட்டார். மேலே இருப்பது என்றேன். "கம்ப்யூட்டரும் அதைத்தான் சொல்லும். ஜனவரி ஒண்ணாம் தேதி டிசம்பருக்கு முன்னாடி போயிடும்." கம்ப்யூட்டரில் இடம் விலை கூடியதாக இருந்த காலத்தில், வருடத்துக்கு இரண்டு இலக்கம் போதும் என்று எழுதிய புரோகிராம்கள் அவை. பாலிசி முடிந்துவிட்டதா, வட்டி எத்தனை நாளைக்கு என்று எல்லாமே அந்த இரண்டு இலக்கத்தை நம்பி ஓடின. தேதி வரும் ஒவ்வொரு வரியையும் தேடிப் பிடித்து மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த வருடம் பாதி ராத்திரிகள் அவர் வீட்டில் சாப்பிடவில்லை.

2000 பிறந்ததும் கரன்ட், பேங்க் எல்லாம் நின்றுவிடுமோ என்று கோடையிலிருந்தே ஊரில் பயம் கிளம்பிவிட்டது. ஒரு வருடத்துக்கான தானியம் வாங்கி வைத்தவர்களையும், ஜெனரேட்டர் வாங்கியவர்களையும் டிவியில் காட்டினார்கள். கைக்குழந்தையோடு அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வயிறு கலங்கத்தான் செய்தது. அக்டோபரில் நூலகத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆலோசனைத் தாள் கிடைத்தது. சில நாளிலிருந்து ஒரு வாரம் வரைக்குமான சாப்பாடு, தண்ணீர், மருந்து, கொஞ்சம் ரொக்கம், காரில் பாதி டேங்குக்குக் குறையாமல் பெட்ரோல், டார்ச், பேட்டரி, கம்பளி, பேங்க் கணக்குகளின் காகித நகல். அவ்வளவுதான். படித்து முடித்ததும் எனக்கு மூச்சு சீரானது. எவ்வளவு போதும் என்று ஒருவர் அளவு சொல்லிவிட்டாரே, அதனால்.

அதிபர் கிளின்டன் 1998இல் ஒய்2கேவுக்காக ஒரு குழு அமைத்திருந்தார். அதன் தலைவர் ஜான் கோஸ்கினன் டிவியில் திரும்பத் திரும்பச் சொன்னதும் இந்த அளவைத்தான்: நீண்ட வார விடுமுறைக்கு, ஒரு பனிப்புயலுக்கு எப்படித் தயாராவீர்களோ அப்படித் தயாராகுங்கள். எல்லோரும் ஒரே நாளில் பேங்கில் பணத்தை எடுத்து, ஒரே நாளில் டேங்கை நிரப்பினால், கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடினாலும் ஊர் நின்றுவிடும் என்பது அவர் கவலை. அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 5,000 கோடி டாலருக்குக் கூடுதல் நோட்டு கையிருப்பு வைத்ததும் அதற்காகத்தான். நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் டயல் டோன் வருகிறதா என்று யாரும் போனை எடுத்துப் பார்க்காதீர்கள் என்றுகூடச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே நிமிடத்தில் எடுத்தால் லைன் தாங்காது.

தாளில் இருந்த சாப்பாட்டுப் பட்டியல் டப்பாவில் அடைத்த இறைச்சி, மீன், சூப் என்று போனது. எங்கள் வீடு சைவம். அடுப்போ கரன்ட் அடுப்பு. உட்கார்ந்து யோசித்து என் பட்டியலை எழுதினேன். ஓக் ட்ரீ ரோட்டில் இருந்த இந்தியக் கடையில் கெட்டி அவல் நான்கு பாக்கெட் வாங்கினேன். அவலுக்கு அடுப்பு வேண்டாம். பச்சைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறினால் பூவாக மலர்ந்துவிடும்; வெல்லம் போடலாம், தயிர் இருந்தால் தயிர். அப்புறம் பொரி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை வெண்ணெய், பேரீச்சம்பழம். குழந்தைக்குத் தண்ணீர் கலக்க வேண்டாத பால் டின். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், கிட்டத்தட்ட நான்கு லிட்டர். மூன்று பேருக்கு ஒரு வாரம் என்றால் இருபத்தொரு காலன். சோடா பாட்டில்களைக் கழுவி நிரப்பி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டினேன். பால் வந்த டப்பாக்களில் பிடிக்கக் கூடாது, அவை நாளாவட்டத்தில் இற்றுப்போகும். குளிருக்காக வீட்டுக்குள் கரி மூட்டவே கூடாது என்றும் எச்சரித்திருந்தார்கள். ஜன்னலெல்லாம் அடைத்த வீட்டில் அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும். புதிதாக ஊரிலிருந்து வந்த இரண்டு வீடுகளுக்கு நானே நேரில் போய் இதைச் சொன்னேன்.

பணம் இருபது டாலர் நோட்டாக வாரம் கொஞ்சம் எடுத்தோம். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு வெள்ளைத் தாள். கும்பகோணம் நம்பர், அவர் ஆபீஸ் நம்பர், குழந்தை டாக்டர், எதிர் வீடு என்று எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன்.

டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை. எங்களுக்குக் காலை ஆறு மணி ஆனபோது நியூஸிலாந்தில் 2000 பிறந்துவிட்டது. எட்டு மணிக்கு சிட்னி. வாணவேடிக்கையைப் பார்க்காமல் பின்னால் கட்டடங்களில் விளக்கு எரிகிறதா என்றுதான் பார்த்தேன். எரிந்தது. மதியம் ஒன்றரைக்கு இந்தியா. இரண்டு மணிக்கு போன் கார்டைச் சுரண்டி அம்மாவைக் கூப்பிட்டேன். "இங்க கரன்ட் இருக்குடி. நீ தண்ணி பிடிச்சு வச்சிட்டியா? குழந்தைக்குப் பால் இருக்கா?" என்றாள். தினமும் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடம் வரிசை வைத்தவளுக்கு எந்தத் தாளும் தேவைப்படவில்லை.

ராத்திரி அவர் ஆபீஸில் இருந்தார். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு ஆனது. ஃப்ரிட்ஜ் சத்தம் நிற்கவில்லை. போனை எடுக்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு அவரே கூப்பிட்டு, "எல்லாம் ஓடுது" என்றார். குரல் கம்மியிருந்தது.

ஒரு வாரத்திலேயே "ஒய்2கே எல்லாம் ஏமாற்று வேலை" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கும் அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஒன்றும் நடக்காமலும் இல்லை. நாட்டுக்கே நேரம் சொல்லும் அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையப் பக்கம் வருடத்தை 19100 என்று காட்டியது. 1900இலிருந்து எத்தனை வருடம் என்று எண்ணி, அந்த 100க்கு முன்னால் 19ஐ ஒட்டிவிட்டது. உளவு செயற்கைக்கோள்களின் தகவலை வாங்கும் தரைநிலைய அமைப்பும் பழுதாகிச் சில நாட்கள் தடுமாறியது. மற்ற இடங்களில் நடக்காததற்குக் காரணம் வருடக்கணக்கில் கண் விழித்தவர்கள்.

வாங்கியதில் எதுவும் வீணாகவில்லை. அவலைப் பொங்கலுக்குள் சாப்பிட்டு முடித்தோம். பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. 2012 அக்டோபரில் சான்டி புயல் வந்து எங்களுக்கு ஆறு நாள் கரன்ட் இல்லை. பெட்ரோலுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை நம்பர் பிளேட் முறை வைத்தார்கள். எங்கள் காரில் முக்கால் டேங்க் இருந்தது. எதிர் வீட்டுப் பெரியவரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய் வந்தோம். 2024 ஜூலை 19 அன்று ஒரே ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. அன்று என் தங்கை சென்னை விமான நிலையத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸோடு நின்றாள். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது, என் நம்பர் அவளுக்கு மனப்பாடமில்லை.

மகனுக்குக் கொடுத்த பெட்டியில் புது பேட்டரி, சின்ன நோட்டுகளாக இருநூறு டாலர், அவல் இரண்டு பாக்கெட், புதிதாக எழுதிய நம்பர் தாள் எல்லாம் இருக்கின்றன. தாளைக் கதவில் ஒட்டிவிட்டதாக போட்டோ அனுப்பினான். தண்ணீர் மட்டும் இன்னும் வாங்கவில்லையாம். சனிக்கிழமை போகும்போது நானே மூன்று காலன் எடுத்துப்போகிறேன்.